பொட்டுக்குள்ள எரிஞ்ச லைட்டு

ஓடிக்கிட்டிருந்த காருக்கு அடியில ஒரு நட்டு கழண்டு, எஞ்சின்ல இருந்த ஆயில் மொத்தமும் ரோட்டுல ஒழுகிடுச்சு! ஆயில் குறைஞ்சா எச்சரிக்கிற, டாஷ்போர்டுல இருந்த குட்டி லைட்டு பதறிப்போய் செக்கச்செவேல்னு எரிஞ்சுது.

ஆனா காலையிலதான் ஆயுத பூஜை. ஓனர் சற்குணம் அந்த லைட்டு மேலேயே சந்தனம் தடவி, பெருசா குங்குமப் பொட்டு வெச்சிருந்தாரு. "பாத்தீங்களாண்ணே, ஸ்டியரிங்குக்கு அடுத்து எனக்குத்தான் பொட்டு!"ன்னு அப்போ லைட்டு எஞ்சின்கிட்ட ஒரே பீத்தல்.

இப்போ எஞ்சின் கெஞ்சுது. "தம்பி, தொண்டை காயுதுடா. அவர்கிட்ட சொல்லுடா!"

"கத்திக்கிட்டேதாண்ணே இருக்கேன்!"

பக்கத்து சீட்ல இருந்த அவர் சம்சாரம் தேன்மொழி குனிஞ்சு பாத்தாங்க. லைட்டுக்கு உயிரே வந்துச்சு.

"என்னங்க, பொட்டு எப்படி ஜொலிக்குது பாருங்களேன்! சாமியே வந்து உக்காந்த மாதிரி இருக்கு."

சற்குணம் பக்தியா கன்னத்துல போட்டுக்கிட்டு, ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துனாரு.

"தம்பி..."ன்னுச்சு எஞ்சின். டொக்குனு ஒரு சத்தம். அதுக்கப்புறம் அண்ணன் பேசவே இல்ல.

லைட்டு மட்டும் இன்னும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. நீங்களே சொல்லுங்க, நீங்க கத்தக் கத்த, உங்களையும் யாராச்சும் கன்னத்துல போட்டுக்கிட்டுக் கும்பிட்டிருக்காங்களா?