வேறு கடை ஆள்

பாறசாலையில் பொன்னப்பன் தன் பேக்கரியை நட்டத்தில் மூடிவிட்டார். கேக் மாஸ்டர் பாலையனையாவது எங்காவது சேர்த்துவிட வேண்டுமென்று, அவனைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார்.

நெய்யாற்றின்கரையில் பேக்கரி முதலாளி மனுவும் கையை விரித்தார்.

“நல்ல மாஸ்டராக்கும், அண்ணாச்சி. ஆனா வேற கடை ஆள ஒரு வருஷத்துக்கு எடுக்கப்பிடாதுன்னு மொதலாளிமாரு பேசி வச்சது உங்களுக்குத் தெரியாததா?”

“எனக்க கடையே இப்ப இல்லியே மனு!”

“மீறினா எல்லாருமா சேந்து எனக்கு வார மைதாவ நிறுத்திருவாவ. நான் என்ன செய்ய?”

வெளியே வந்ததும் பாலையன் குமுறினான். “வயித்துல அடிக்குற இந்த ஏற்பாட்ட எந்தப் பாவி கொண்டு வந்தான், மொதலாளி?”

பொன்னப்பன் வேகமாக முன்னே நடந்தார். முன்பொரு முறை இதே மனு இரட்டைச் சம்பளத்துக்குப் பாலையனைக் கூப்பிட்டபோது, எல்லா முதலாளிகளையும் கூட்டி இந்த ஏற்பாட்டைப் பேசி முடித்தவர் அவர்தான்.