முட்டி வலி

கியோட்டோவில் வந்து இறங்கியதிலிருந்து மாமியார் கிகுயோவின் வாய் ஓயவில்லை.

“புருஷன் காசுல ஊர் சுத்துறதுன்னா மட்டும் உனக்குக் கால் பறக்குது.”

“கூட்டிட்டுப் போன்னு குதிச்சது நீங்கதான் அத்தை,” என்றாள் அயானோ.

“இனி ஒரு அடி நடக்க முடியாது. முட்டி வலி. இந்த டீக்கடையில உக்காந்திருக்கேன்.”

அயானோவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. “அப்ப நான் போய் ஊறுகாய் வாங்கிட்டு வந்துடறேன்.”

ஊறுகாய்க் கடையைத் தாண்டி ஒரு கோயிலுக்கு ஓடினாள். அங்கே அடியில் ஓட்டையுள்ள பெரிய கல். வேண்டிக்கொண்டு முன்பக்கம் புகுந்து, பின்பக்கம் வெளியேறி, அதே வழியாகத் தவழ்ந்து திரும்ப வேண்டும். திரும்பும்போது, வரிசையில் நிற்கப் பொறுக்காமல் எதிரே புகுந்த ஒரு தலையோடு மடேரென்று மோதினாள்.

“எந்தக் கழுதை அது?”

தெரிந்த குரல்.

“முட்டி வலின்னீங்க?”

“நீ ஊறுகாய்னு சொன்ன?”

“பின்னாடி போங்க அத்தை!”

“வயசுல பெரியவ, நானா பின்வாங்குவேன்? நீ போடி!”

கோயில் ஊழியர் குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்மா, பிடிக்காத உறவை அறுத்துவிடுற கல்லும்மா இது! இதுக்குள்ளயே ரெண்டு பேரும் இப்படி ஒட்டிக்கிட்டுக் கிடந்தா, சாமி எங்கேன்னு வெட்டும்?”