நூற்றுப்பத்து வயசு

நாற்பது வருஷம் குளத்துத் தண்ணீரில் கிடந்துவிட்டு வெளியே வந்த அத்தி வரதருக்கு அன்று கடைசி நாள். மறுபடி நாற்பது வருஷம் தண்ணீருக்குள் போய்விடுவார். 1979இல் சின்ன காஞ்சிபுரமே வரிசையில் நின்றது.

எழுபது வயது தணிகாசலம், ஆறு விரல் இருக்கும் இடது கையை நெஞ்சில் வைத்து இருமினார்.

“தம்பி, அடுத்த தடவ சாமி வரச்சொல்ல எனக்கு நூத்திப்பத்து வயசு. அவ்ளோ ஆயுசு யாருக்குப்பா வேணும்? இப்பவே மூச்சு வாங்குது.”

“பாவம், முன்னாடி போ பெரியவரே.”

ஆளுக்கு ஆள் வழிவிட்டார்கள். இருமி இருமியே மண்டபக் கதவு வரை வந்துவிட்டார். அங்கே முதலில் நின்றது மாகறல் கிராமத்து மணியம்மாள். அவளுக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும்.

“அம்மா, அடுத்த தடவைக்கு நான் இருக்க மாட்டேம்மா...”

மணியம்மாள் அவர் விரல்களை எண்ணினாள்.

“யோவ், போன தடவையும் இதையேதான சொன்னே! பொங்கலத் தாண்ட மாட்டேன்னு அழுதே. பாவமேன்னு வழிவிட்டேன். நீ உள்ள போனே, என் மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்திட்டாங்க!”

தணிகாசலத்தின் இருமல் சட்டென்று நின்றது. மணியம்மாள் விடவில்லை.

“சாமியப் பாக்காம சாவறதில்லைன்னு நாப்பது வருஷமா உசிரப் புடிச்சிக்கினு இருக்கேன். காலரா வந்துது, பாம்பு கடிச்சுது. போவலியே!”

மணி அடித்தது. அவளை உள்ளே விட்டதோடு வரிசை முடிந்தது. மூடிக்கொண்டிருந்த கதவின் இடுக்கில் அவள் முகம் சிரித்தது.

“கவலப்படாத பெரியவரே. பாக்காம திரும்பிப் போனவங்களுக்கு ஆயுசு கெட்டி. உனுக்கு நூத்திப்பத்து நிச்சயம்!”