அரைமணி நேரம்

சாயப்பட்டறையின் பின்பக்க வேலியோரம் துளசிங்கம் கண்ணாடிக் குடுவையோடு நிற்கிறான். உள்ளே குங்குமச் சிவப்பில் சாயக்கழிவு. ஆசிட் விட்டு, இரும்பு உப்பைப் போட்டு, பெராக்சைடை மெல்லச் சாய்த்ததும் நீர் நுரைத்துக் கறுக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்ததும் துருநிற வண்டல் மெதுவாக அடியில் இறங்க, மேலே தண்ணீர் தெளிந்து வெயிலை உள்ளே விடுகிறது. இதே முறையில் பட்டறையின் புதுச் சுத்திகரிப்புத் தொட்டி இன்றுதான் ஓடத் தொடங்குகிறது. சுவருக்கு அப்பால் விசைத்தறிகள் தடதடக்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் அவன் அக்கா புருஷன் வேதாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இமைக்காமல் பார்க்கிறார். பதினோரு வருடமாக இந்தக் கழிவைக் கால்வாயில் திறந்துவிட்ட கை துளசிங்கத்தினுடையது. அது ஊறி இறங்கியது அவர் கிணற்றில். கிருத்திகைதோறும் மலைமேல் முருகன் கோயிலுக்குப் பூ அனுப்பிய அவருடைய மல்லித் தோட்டத்தில் இப்போது கருகிய தூர்கள் மட்டுமே நிற்கின்றன. அவர் இதுவரை அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தெளிந்த நீரை மட்டும் ஒரு சொம்பில் இறுத்து நீட்டுகிறான். "பாவா, இத பாருங்க. கலரே இல்ல."

வேதாசலம் வாங்கி முகர்கிறார். "இதுக்கு எம்மா நேரம்டா ஆச்சு?"

"அரைமணி நேரங்க பாவா."

"அவ்ளோதானா?"

வேதாசலம் திரும்பி நடந்து முதல் தூரின் அருகே குந்துகிறார். புதிதாக நட்ட பதியனுக்கு ஊற்றுகிறவரைப் போல, மண் அரித்துவிடாமல் இடது உள்ளங்கையைக் கீழே ஏந்தி, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்.