கண்ணாடிச் சுவர்

தைபேயில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கறுப்புக் கண்ணாடிச் சுவரில் தங்கள் பிம்பத்தைப் பார்த்துத்தான் பெய்-யுன்னும் தோழி ஷிங்-ரூவும் மாலைதோறும் ஆடிப் பழகுவார்கள். தெரு நடனப் போட்டிக்கு ஐந்தே நாள் இருந்தது. பெய்-யுன் சொந்தமாக அமைத்த நடனம்.

அன்று கோட்டு போட்ட ஒருவர் வெளியே வந்தார். "தினமும் இங்க ஆடுறது நீங்கதானே?"

"விரட்டத்தான் வந்திருக்காருடி" என்று முணுமுணுத்தாள் ஷிங்-ரூ.

பெய்-யுன் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க சார், இனிமே வர மாட்டோம்."

"ஐயையோ, போயிடாதீங்கம்மா" என்று பதறினார் அவர். "உள்ளேருந்து பார்த்தா நீங்க நல்லாவே தெரியிறீங்க. வருஷக் கடைசி விருந்துல ஆடுறதுக்கு எங்க ஆபீஸ்ல பன்னிரண்டு பேர் உங்களைப் பார்த்துத்தான் கத்துக்கிறோம். ஆனா இப்படி தினமும் ஸ்டெப்பை மாத்தினா நாங்க என்னம்மா பண்றது?"