பீச்சாங்கை வரம்

திரையில் சாமி பீச்சாங்கையைத் தூக்கி வரம் கொடுத்தார்.

முன்பக்கம் உட்கார்ந்திருந்த ஆண்கள் கூட்டம் கொதித்துப்போனது. நாமகிரிப்பேட்டையில் டெண்டு கொட்டகை போட்டு ஒரு வாரமாகிறது. இப்படியொரு அக்கிரமத்தை அவர்கள் பார்த்ததில்லை.

அடுத்து எழுத்து வந்தது. அதுவும் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தது.

பேசாத படத்துக்கு வாயாக இருந்தவன் அப்புசாமி. திரையோரம் பிரம்போடு நின்று, எழுத்து வரும்போதெல்லாம் உரக்கப் படித்துச் சொல்வான். இன்று பிரம்பைத் தூக்கினான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கடைசியில் துணிந்து எதையோ படித்தான். அது மந்திரமா வசவா என்று யாருக்கும் விளங்கவில்லை.

"படத்தைத் திருப்பிப் போடுய்யா! காசு குடுத்துட்டுத்தான வந்திருக்கறோம்!"

அதே காசைத்தான் திரைத்துணிக்குப் பின்னால் இருந்த பெண்களும் கொடுத்திருந்தார்கள். இந்தக் கொட்டகையில் பெண்களுக்கு இடம் அங்கேதான். துணியில் தண்ணீர் தெளித்துவிட்டால் படம் அந்தப் பக்கமும் தெரியும். ஆனால் திரும்பித்தான் தெரியும். ஒரு வாரமாக அவர்களுக்குச் சாமி பீச்சாங்கையால்தான் வரம் கொடுத்தார், புதுப்பெண் பீச்சாங்கையால்தான் மாமனாருக்குச் சோறு போட்டாள். அப்போதெல்லாம் முன்பக்கத்தில் ஒருவருக்கும் கொதிக்கவில்லை.

இன்று மத்தியானம், மஞ்சள் வெள்ளாமை செய்யும் சௌந்திரம் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு கொட்டகை முதலாளி குமாரசாமியிடம் போனாள். ஒரே ஒரு நாள் எங்களை முன்பக்கம் உட்கார விடுங்கள், சாமியை நேராகப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"எழுத்துத் தெரியாத பொம்பளைங்களுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்னுங்க?" என்றான் அவன்.

மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. அதனாலேயே அவளுக்குக் கூடுதலாக எரிந்தது.

இப்போது, கூச்சலுக்கு நடுவே, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது.

"பக்தனே, எழுந்திரு. உன் குறை என்னவென்று சொல்."

திக்கல் இல்லை, திணறல் இல்லை. எழுத்தைப் பார்த்துப் படிக்கிற குரல். கொட்டகை அடங்கியது. அடுத்த எழுத்து வந்தது. குரல் அதையும் படித்தது. அப்புசாமி பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து கதை கேட்க ஆரம்பித்தான்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமாப் படி, அம்மிணி" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர்.

குமாரசாமி ஆபரேட்டர் மிக்கேலிடம் ஓடினான். படத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். மிக்கேல் திரும்பிப் பார்க்காமல் மிஷினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"நிறுத்துனா வெளக்குச் சூட்டுல படம் பத்திக்குமுங்க. இந்த ரீல் முடியட்டுங்க."

அது பொய்யில்லை. முதலாளிக்கும் அது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, லாந்தரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் பாய்ந்தான்.

லாந்தர் வெளிச்சம் பட்டுத் திரை வெளுத்தது. "எவன்டா அவன், வெளக்க அமத்துடா!" என்று முன்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. முதலாளி என்று தெரிந்துதான் கத்தினார்களோ என்னவோ.

யார் படித்தது என்று கேட்டான். சௌந்திரம் மடியிலிருந்த கடலையை உரித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"எங்களுக்குத்தான் எழுத்துத் தெரியாதுங்களே."

பெண்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். அவன் ஒவ்வொரு முகமாக விளக்கைக் காட்டிக்கொண்டு போனான்.

கடைசி வரிசையில், மடியில் தூங்குகிற குழந்தையோடு அன்னாள் இருந்தாள். மிக்கேலின் மனைவி. சேலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள். குமாரசாமி அதை ஒருநாளும் கேட்டதில்லை. அவனைப் பொறுத்தவரை, முந்தின நாள் ஓடிய ரீல்களை மறுநாள் உட்கார்ந்து சுற்றி வைக்கிற பெண், அவ்வளவுதான். லாந்தர் அவள் முகத்தில் நிற்காமல் நகர்ந்தது.

மத்தியானம் அவன் சௌந்திரத்துக்குப் பதில் சொன்னபோதும் அன்னாள் பக்கத்தில் உட்கார்ந்து ரீல்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பதில் அவள் காதில் விழுந்தது. அதுவரை சுற்றியதைப் பிரித்துப் போட்டுவிட்டு, படச்சுருளைப் பக்கம் மாற்றிப் புரட்டி, முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள்.

லாந்தர் வெளியே போனது. இருட்டில் அடுத்த எழுத்து வந்தது, பின்பக்கத்துக்கு நேராக.

அன்னாள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து நின்றாள். பெரியவர் கேட்டுக்கொண்டபடியே, இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்தாள்.