பொட்டுக்குச் சாட்சி

"என் பொண்ணு நெத்தியில இருக்குற பொட்டை எடுன்னு சொல்ல அவன் யாரு சார்?"

உள்ள வந்து உக்காரக்கூட இல்ல, கலியபெருமாள் ஆரம்பிச்சிட்டார். முத்தியால்பேட்டையில என் ஆபீஸ் ரொம்பச் சின்னது. கொஞ்சம் சத்தமாப் பேசினாலே பக்கத்து ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேக்கும்.

நான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளன். இந்தப் பக்கத்துலேருந்து பிரான்ஸுக்குப் போற பேப்பர் முக்கால்வாசி என் மேசைக்கு வந்துதான் போவும். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் பாத்தாச்சு. பொட்டுக்காக ஒரு கேஸ் வந்தது இதான் முதல் தடவை.

அவர் பொண்ணு சுடர்விழி பாரீஸ் பக்கத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரியில உதவியாளரா இருந்துச்சு. அங்க அரசு வேலையில இருக்குறவங்க மத அடையாளம் காட்டக்கூடாது, சட்டம் அப்படி. பொட்டை எடுக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுடுச்சு. கான்ட்ராக்ட் முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பிரான்ஸ்ல இருக்குற கோர்ட்டெல்லாம் ஏறி இறங்கியாச்சு, எல்லாத்துலயும் தோல்வி. பாக்கி இருக்குறது ஸ்ட்ராஸ்பூர்க்ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டு ஒண்ணுதான்.

"அங்க மனு போட நாலு மாசக் கெடு, வர்ற வெள்ளிக்கிழமை முடியுது சார். இன்னைக்கே சாட்சிக் கடிதம் வேணும்ங்குறாரு அங்கத்து வக்கீல்."

"ஐயா, முதல்லயே சொல்லிடுறேன். முக்காட்டை எடுக்க மாட்டேன்னு சொன்ன ஒரு ஆஸ்பத்திரி ஊழியர் கேஸ் இதே கோர்ட்டுக்குப் போச்சு. பிரான்ஸ் பக்கந்தான் தீர்ப்பாச்சு."

"அப்புறம் எதுக்கு சார் மனித உரிமைன்னு போர்டு மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க?"

"மனசுக்குள்ள நீங்க எதை நம்பினாலும் எந்த அரசாங்கமும் தொட முடியாது. அதை வெளியில காட்டுறதுக்குத்தான் கட்டுப்பாடு போடலாம். அதுக்கும் சட்டம் இருக்கணும், காரணம் இருக்கணும். அந்தக் காரணம் போதுமான்னு கோர்ட்டு பாக்கும்."

"பொட்டை மனசுக்குள்ளயா சார் வைக்க முடியும்?"

இந்த மனுசன் ஆலையில வேலை பாத்ததுக்குப் பதிலா வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம். வயசு அறுபத்தெட்டு. பொண்ணுக்காக வெயில்ல அலையுறார். பாவமாவும் இருந்துச்சு, மரியாதையாவும் இருந்துச்சு.

"சரி, கோர்ட்டு முதல்ல என்ன கேக்கும் தெரியுமா? பொட்டு மதமா, அலங்காரமான்னு கேக்கும். அலங்காரம்னா கேஸே இல்ல."

"அலங்காரமா? எங்க வம்சத்துல பொட்டு இல்லாம ஒரு பொண்ணு வாசப்படி தாண்டாது சார்."

"இதை உங்க வீட்டுப் பொம்பளை ஒருத்தவங்க சொன்னா பலம். உங்க சம்சாரம்?"

"அவ போயி எட்டு வருசம் ஆவுது. இப்ப வீட்டுல இருக்குறது மருமவ மட்டுந்தான். வண்டியை நிறுத்திட்டு வருது."

ஹெல்மெட்டைக் கையில புடிச்சிக்கிட்டு அந்தப் பொண்ணு உள்ள வந்துச்சு. பேரு அமுதவல்லி. நான் தாளையும் பேனாவையும் தள்ளி வச்சேன்.

பிரெஞ்சுக்காரங்களுக்கு சாட்சிக் கடிதம்னா ஒரு முறை இருக்கு. 'அத்தெஸ்தாசியோன்'ம்பாங்க. கண்ணால பாத்ததைத் தன் கையால எழுதணும். பொய் சொன்னா தண்டனை உண்டுன்னு தெரியும்னும் கடைசியில எழுதணும்.

"தமிழ்லயே எழுதும்மா. நான் மாத்திக்கிறேன். உங்க வீட்டுல பொட்டு எதுக்கு வைக்கிறீங்க, யார் வைக்கிறாங்க, நீ பாத்தது என்ன. அவ்வளவுதான்."

"பாத்ததை மட்டும் எழுதினாப் போதுமா சார்?"

"அதை மட்டுந்தான் எழுதணும்."

"நல்லா அழுத்தி எழுதும்மா" என்றார் கலியபெருமாள். "எந்தப் பொண்ணு நெத்தியிலயும் கை வைக்க எவனுக்கும் உரிமை இல்லன்னு எழுது."

"சரிங்க மாமா."

பத்து நிமிசம் எழுதுச்சு. கையெழுத்துப் போட்டு நீட்டுச்சு. நான் எதையும் ஒரு தடவை சத்தமா வாசிச்சுக் காட்டிட்டுத்தான் மொழிபெயர்ப்பேன். இல்லேன்னா, நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு அப்புறம் வந்து நிப்பாங்க.

வாசிச்சேன்.

'நான் அமுதவல்லி. சுடர்விழியின் தம்பி செம்மலின் மனைவி. பொட்டு எங்களுக்கு அலங்காரம் இல்லை. சாமி கும்பிட்டுவிட்டு வைப்போம். சுடர்விழி அண்ணியை ஒருநாளும் பொட்டு இல்லாமல் நான் பார்த்ததில்லை.'

"பாத்தீங்களா சார்" என்றார் கலியபெருமாள்.

அடுத்ததையும் வாசிச்சேன்.

'என் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. காரியம் முடிந்த பிறகு ஒருநாள் சாமி கும்பிட்டுவிட்டுச் சின்னதாகப் பொட்டு வைத்தேன். மாமனார் பார்த்துவிட்டு, போய் அழித்துவிட்டு வா என்றார். அழித்தேன். அன்றிலிருந்து வைப்பதில்லை. பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று எனக்குத் தெரியும்.'

அப்பத்தான் அந்தப் பொண்ணு முகத்தை நான் நிமிந்து பாத்தேன். இவ்வளவு நேரம் எதிர்ல உக்காந்திருந்தும் பாக்கல.

கலியபெருமாள் தாளையே பாத்துக்கிட்டிருந்தார்.

அமுதவல்லி பேனாவை மறுபடி கையில எடுத்துச்சு.

"தப்பா எதுனா எழுதியிருந்தா சொல்லுங்க மாமா, அடிச்சிடுறேன்."